செருப்பு கிடக்கும் வாசல்

மாண்ட்ரியலில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கதவுக்கு உள்ளே கழற்றச் சொல்கிறார்கள். வெளியே விட்டால் பனியில் விறைத்துப்போகுமாம். நியாயம்தான். ஆனாலும் வாசலில் ஒன்றும் கிடக்காத வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்களோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இங்கே ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் எனக்குத் தெரு வரையும் வேலை. ஆடுகிறவர் நடந்துபோக வீடு, சுவர், மின்கம்பம் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். "இதெல்லாம் கலையா?" என்று சாப்பாட்டு மேஜையில் அடிக்கடி சண்டை வரும். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். ஒருமுறை இந்தியத் தெரு கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சென்னையில் எங்கள் கீழ்க்கட்டளைத் தெருவை வரைந்து, ஒரு வீட்டு வாசலில் செருப்புகளைச் சிதறவிட்டேன். உடன் வேலை செய்யும் மார்ட்டின் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டில் யார் செத்தது?" என்றான். ஆளில்லாத செருப்புகள் கிடந்தால் அவர்களுக்குச் செத்தவர்களின் நினைவுதானாம். அட பாவி, உள்ளே கூட்டம் நிறைந்திருக்கிறது என்று விளக்கினேன். ஆடுகிறவர்களுக்கு அது புரியாது என்று செருப்புகளை நீக்கிவிட்டார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, நிறுவனத்தில் அனுமதி வாங்கி, செருப்போடு இருந்த தெருவைச் சிடியில் கொண்டுபோனேன். எல்லாம் அக்காவுக்காக. அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். ஓவியம் படித்துவிட்டு நான் கேம் பக்கம் போனதும், "நல்ல கையை வீணாக்கிட்டியேடா" என்றவள், பிறகு என் வேலையைப் பார்க்கவே மறுத்தாள். அது எனக்கு ஆறவே இல்லை.

கெஞ்சியதில் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தித் தெருவில் நடந்தவள் அந்த வாசலில் நின்றுவிட்டாள்.

"உள்ள போயேன்க்கா."

"ஆளுங்க வந்திருக்காங்க போலடா. திடுதிப்புனு எப்படி நுழையறது?"

அந்தக் கதவு திறக்காது, பின்னால் ஒன்றுமே வரையவில்லை என்றேன்.

"சும்மா இரு. யாராவது வெளிய வரட்டும்."

ஓவியத்தின் முன்னால் எத்தனையோ பேர் நின்று பார்த்திருக்கிறேன். ஓவியத்துக்குள் நின்று கூச்சப்பட்டவள் அக்காதான். இதற்குப் பெயர் கலையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல், நாற்காலியை இழுத்துப்போட்டு நானும் அவளோடு காத்திருந்தேன்.

அந்த ஆட்டம் இப்போது நாடு நாடாக விற்கிறது. அதில் அந்த வீடு காலி. கீழ்க்கட்டளையில் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டில் எது உன் வீடு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் வரைந்தது நான்தான்.