பஸ்ஸில் சேவலாகக் கூவியவர்

மோட்டார் பஸ் வந்த புதிது. திருவனந்தபுரத்தில் வேலையிலிருந்த கணவரிடம் போக, இரண்டு பிள்ளைகளோடு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். தக்கலை தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதை வெட்டி அகற்றும்வரை கொட்டும் மழையில் பஸ்ஸுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். பிள்ளைகள் அழுது என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

எதிரே இருந்தவர்தான் அவர்களைச் சிரிக்க வைத்தார். ஒடிசலான உடம்பு, அம்மைத் தழும்பு முகம். மடியில் சுருட்டிய துண்டுக்குள் கைகளை வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். அவரும் ஏதோ ஊருக்குப் போகிறவர் என்று நினைத்தேன். தழும்பு முகக்காரர் சேவலாகக் கூவினார், ஆடாகக் கத்தினார், பஸ் ஹாரனாகவும் ஒலித்தார். "மாமா, இன்னும் ஒருக்கா" என்று பிள்ளைகள் விடவில்லை. கடைசியில் சின்னவள் அவர் மடியிலேயே தலைசாய்த்து உறங்கிவிட்டாள்.

"நீயும் கைதட்டு மாமா" என்று மகன் துண்டை இழுத்தான். உள்ளே கைவிலங்கு.

போலீஸ்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆளைக் கொன்னவனாக்கும் அம்மா. தூக்குக்கு விதிச்சாச்சு. ஜெயிலுக்குக் கொண்டு போறேன்."

மகளைப் பிடுங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

கைவிலங்கு போட்டவர் குரலைத் தாழ்த்தி, "எழுப்பாண்டாம் எக்கா. பிள்ளை இப்பந்தான் கண்ணசந்துது" என்றார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. மரத்தை அகற்றி பஸ் திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை அவள் அங்கேயே உறங்கினாள். ஏன் மகளைத் தூக்கிக்கொள்ளவில்லை என்று கணவர் பலமுறை கேட்டுவிட்டார்.