கஞ்சிச் சேலையில் எடுத்த படம்

சின்னாளப்பட்டியில் நாச்சிமுத்து என்று கேட்டால் யோசிப்பார்கள். 'படக்காரர்' என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். தொழில் நெசவுதான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கியதிலிருந்து கை தறியிலும் கண் தெருவிலுமாக இருந்தார். ஊர்க் குறைகளைப் படம் பிடிப்பார். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் கண்ணாடிச் சிலைடாக்குவார். பெட்ரோமாக்ஸ் வைத்த தகரப்பெட்டியில் அதைச் செருகி, வெள்ளை வேட்டியில் விழவைத்து, தானே கதையும் சொல்வார். சாக்கடை தேங்கிய சந்து ஒன்று அப்படித்தான் ஒரே மாதத்தில் சுத்தமாயிற்று.

ஐம்பத்தெட்டில் நூல் தட்டுப்பாடு. பாதித் தறிகள் ஓடவில்லை. மதுரை அதிகாரிகளுக்குக் காட்டப் படம் வேண்டும் என்றார்கள் நெசவாளர் சங்கத்தார். நாச்சிமுத்து நேரே சோலையம்மாள் வீட்டுக்குப் போனார். புருஷன் இளைப்புக்காரர், இரண்டு தறியையும் இழுத்துப் பிடித்துக் குடும்பத்தை நடத்தியவள் அவள்தான். இரண்டும் சும்மா கிடந்தன.

போட்டோ என்றதும் சோலையம்மாள் தலைக்குக் குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த அரக்குச் சுங்குடிச் சேலையைக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பிறந்து நாற்பது வருசத்தில் அதுதான் அவளுக்கு முதல் போட்டோ.

"யக்கா, இப்பிடி நின்னா அதிகாரி நூலா குடுப்பான்? நாலு சேலை வெலைக்குக் கேட்டுட்டுல்ல போவான்!"

"பெறகு எப்பிடி நிக்கச் சொல்ற?"

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நாளில் கட்டுகிற கந்தல் கொடியில் தொங்கியது. நாச்சிமுத்து அதைக் காட்டினார்.

"அது வேலைக்குச் சுத்துறதுல்ல அப்பு. அதக் கட்டிக்கிட்டா படத்துல நிப்பாக?"

"ஊருக்காக யக்கா."

மாற்றிக்கொண்டு வந்தாள். பூவையும் எடுத்துவிட்டிருந்தாள். "மதுரையோட போகட்டும், நம்மூர்ல போட்டுறாத. மகளுக்குத் திண்டுக்கல் நாகல் நகர்ல மாப்பிள்ள பேசிக்கிட்டிருக்கோம்."

"சத்தியமா போட மாட்டேன்."

படம் பலித்தது. இரண்டே மாதத்தில் நூல் பொதிகள் வந்து இறங்கின. சங்கம் நன்றிக் கூட்டம் போட்டு நாச்சிமுத்துவுக்கு மாலை போட்டது. கூட்டத்தில் தறிக்காரன் சடையாண்டி எழுந்து, "ஏலே படக்காரா! இம்புட்டு நூலையும் இழுத்தாந்த படத்த எங்க கண்ணுல காட்ட மாட்டியா?" என்றான். கைதட்டல் அடங்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் சோலையம்மாள் அதே சுங்குடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், மகளைப் பெண் கேட்டிருந்த நாகல் நகர்ச் சம்பந்தியம்மா. நாச்சிமுத்து இருவரையும் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சிலைடைச் செருகினார்.

வீட்டுச் சுவர் உயரத்துக்கு விழுந்தது படம். கந்தல், கறை, வெறுந்தறி.

"கஞ்சி போடுற அன்னிக்குப் புடிச்சுட்டான்டோய்!" என்று யாரோ சொல்ல, தறிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வேலைத்துணி. சம்பந்தியம்மாவோ பலசரக்குக் கடைக்காரி, பாவு நூலையே தொட்டறியாதவள். அவள் வேட்டியில் விழுந்த படத்தைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். சோலையம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிலைடை உருவியபோது நாச்சிமுத்துவின் விரல் வெந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைக் கண்டார்.

எட்டு நாள் அந்தத் தெருப்பக்கமே அவர் போகவில்லை. ஒன்பதாம் நாள் அவளே வந்தாள்.

"கல்யாணம் நிக்கலப்பா. நல்ல மனுசங்க." கையிலிருந்த பையை விரித்தாள். கட்டிப் பழசான இரண்டு சேலைகள், துவைத்து மடித்தவை. "சம்பந்தியம்மா குடுத்துவிட்டிருக்கா, கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டு வரச் சொல்லி. சேல நெய்யிறவளுக்குச் சேல."

"நான் போயி நடந்ததச் சொல்லிட்டு வாரேன் யக்கா."

"என்னன்னு சொல்லுவ? நல்ல சேல கட்டி நின்னவள நாந்தான் கந்தலக் கட்ட வச்சேன்னா? அது மதுர அதிகாரி காதுக்குப் போகாதா? வந்த நூலு நிக்குமா?"

 நாச்சிமுத்து, "சுங்குடியக் கட்டிட்டு வாங்க, இன்னொரு படம் எடுக்கிறேன்" என்றார்.

"எடுத்து? அதையும் வேட்டியில போடுவியாக்கும்."

கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் ஊர் காரணம் கேட்கும். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சோலையம்மாள் நின்றாள், சம்பந்தியம்மா கொடுத்த பழஞ்சேலையில். கேமராக் கண்ணாடியில் அவளைப் பார்த்த நாச்சிமுத்துவுக்கு விரல் அசையவில்லை.

"எடுப்பா," என்றாள் அவள். "பாத்துக்கிட்டே நிக்கிற?"

எடுத்தார். ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தபோது எல்லோருமே கலங்கலாகத்தான் விழுந்திருந்தார்கள். கை ஆடியிருந்தது.