களத்துமேட்டுப் புளி

போன்சாய் வளர்ப்பது மனதுக்கு நிம்மதி என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் வீட்டில் அதைப்போலச் சண்டை மூட்டிய பொருள் வேறெதுவும் இல்லை. நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. என் வீட்டுக்காரருக்கு விவசாயத் துறையில் வேலை. மொட்டைமாடித் தொட்டிகளில் குட்டையாக வளர்க்கும் மரங்களுக்குக் கிளை எங்கே வளைய வேண்டும் என்பது என் கவலை, வேர் அழுகக் கூடாது என்பது அவர் கவலை. நான் கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால் அவர் வந்து தளர்த்திவிடுவார். அவர் எரு வைத்தால் இலை பெரிதாகி வடிவம் கெட்டுவிடும் என்று நான் கத்துவேன்.

"உனக்குப் படம் மாதிரி நிக்கணும், எனக்கு உசுரோட நிக்கணும்" என்பார்.

இரண்டும் சேர்ந்தால்தான் போன்சாய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்? ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தொட்டிகளில் ஒரு புளி மட்டும் எங்கள் இருவர் கையிலிருந்தும் தப்பிப் பிழைத்து வளர்ந்தது. கல்யாணமான புதிதில் நான் போட்ட கொட்டை. முழங்கை உயரம்தான், ஆனால் அடிமரம் தடித்துப் பட்டை வெடித்து, சாலையோரத்துக் கிழட்டுப் புளி மாதிரியே இருக்கும். சாயங்காலமானால் இலைகளை மடக்கிக்கொள்ளும். எனக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பிரியம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், அது பொய்யும் இல்லை.

ஒரு மாசி மாதம் அவர் வேரைக் கழித்து மண் மாற்றியே ஆகவேண்டும் என்றார். வலது பக்கத்துப் பெரிய கிளையை எடுத்தால்தான் மரத்துக்கு ஒரு முகம் வரும் என்று நான் நின்றேன். வேரைக் குறைத்த வருஷம் பெரிய கிளையில் கை வைக்கக் கூடாது. வைத்தால் மரம் எதை வைத்துத் தேறும்? ஆனால் அப்போது இருவருக்குமே சண்டை போடத் தெம்பில்லை. சரி, இரண்டையும் செய்துவிடுவோம் என்று சமாதானமாகப் போனோம்.

பங்குனியில் வந்த துளிரெல்லாம் கொட்டிவிட்டது. மிச்சமிருந்த இலை பொழுது சாய்ந்தும் மடங்காமல் விறைத்து நின்றது. அவர் தொட்டியை நிழலுக்கு மாற்றினார், தண்ணீரைக் குறைத்தார், குறை சொல்லாமல் தினமும் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். கடைசியில், இனி தொட்டி தாங்காது, தரையில் விட்டால் பிழைக்கலாம் என்றார். எங்கள் வீட்டைச் சுற்றி ஒரே சிமெண்டுத் தளம். இருந்த ஒரே தரை பூதலூர் பக்கத்து நிலம்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும்.

நிலம் எங்கள் பேரில், உழுவது குத்தகைக்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கோட்டைக்கு எந்தக் கட்சி வந்தாலும் சட்டம் அவர் பக்கம். உழுகிறவருக்கு உரிமை என்பது நியாயம்தானே என்று எனக்குத் தோன்றும், வாய்விட்டுச் சொன்னதில்லை. வயலை மனதால் விட்டுவிட்ட என் வீட்டுக்காரர், கதிரடிக்கும் களத்துமேட்டை மட்டும் விடவில்லை. அது குத்தகையில் சேராது என்று இவரும், சேரும் என்று அவரும் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். புளிக்குத் தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். சுற்றிலும் நெல் வயல், சேறு. மேடென்று இருந்தது அந்த வழக்கில் கிடக்கிற களம் ஒன்றுதான்.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் போனோம். இவர் வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். குத்தகைக்காரர் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னிக்கு மரம் நடுவீங்க. நாளைக்குக் கோர்ட்டுல, மேடு எங்க கையில, எங்க அனுபவத்துல இருக்கு, பாருங்க எங்க மரம்னு காட்டுவீங்க. நான் அவ்வளவு ஏமாளி இல்லீங்கம்மா."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கெஞ்சினேன். மானத்தை விட்டுக் கெஞ்சினேன் என்றே எழுதலாம். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். "நான் நடுறேன். நட்டப்புறம் அது எம்மரம். பேத்துக் குடுன்னு வரக் கூடாது."

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் கிளைகளில் இருந்த கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளைத்தது. தொட்டியைக் குத்தகைக்காரர் கையில் கொடுத்தேன். மண்வெட்டிச் சத்தம் கேட்டதும் தூரத்தில் நின்றுவிட்ட இவர், குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல்லி அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் மரம் துளிர்த்துவிட்டதாக ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அன்று நான் அழுதேன்.

அடுத்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மரத்தைத்தான் எடுத்தார். மேடு தன் கட்சிக்காரர் அனுபவத்தில் இருப்பதால்தானே அதில் மரம் வைத்திருக்கிறார் என்றார். குத்தகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு சலித்துப்போயிருந்தேன். எங்கள் வக்கீல் இதற்குத் தயாராகவே இருந்தார். மரம் எங்கள் வீட்டில் வளர்ந்தது, நாங்கள்தான் கொண்டுபோய் வைத்தோம் என்று இவர் சொல்ல வேண்டும், அதையே நான் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வழக்கு எங்கள் பக்கம் சாய அது போதும் என்றார். நான் பெஞ்சில் காத்திருந்தேன்.

மரத்தை நட்டது யார் என்று நீதிபதி கேட்டார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அவர்தான் நட்டாருங்க. அவர் மரம்."

எங்கள் வக்கீல் வழக்குக் காகிதக் கட்டை மூடிவைத்தார். என்னைக் கூப்பிடவே இல்லை. களம் அன்றோடு போனது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது. இத்தனை வருஷம் நடந்த நடையெல்லாம் எதற்கு, நான்தான் சாட்சி சொல்லத் தயாராக இருந்தேனே என்று பொரிந்து தள்ளினேன். இவர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம ஜெயிச்சிருந்தா அந்த ஆத்திரத்துல மரத்தப் புடுங்கி எறிஞ்சிருப்பாரு" என்றார். "இப்ப அது அவர் மரம். தண்ணி ஊத்துவாரு."