தள்ளாமலே விழுந்தவர்

சாவி தொலைத்தவர்களின் வாசலில் குந்தி உட்கார்ந்து கதவைத் திறந்துகொடுப்பது பூட்டுக்காரருக்குப் பிழைப்பு. ஞாயிறு காலையில் பூங்காவை ஒட்டிய மைதானத்தில் கூடைப்பந்து ஆடுவதுதான் உயிர். நாற்பதைத் தாண்டியும் எகிறிக் குதிப்பார் என்று கூட ஆடுகிறவர்கள் மெச்சுவார்கள். அந்தப் பேச்சில் அவருக்குக் கொள்ளை ஆசை.

சில மாதங்களாக இடது முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்று வலித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு, பந்துக்கு எகிறிக் காலை ஊன்றியபோது முட்டி மடங்கிப் பொத்தென்று விழுந்தார். பக்கத்தில் நின்றவர் எதிரணியில் ஆடும் பேக்கரிக்காரர். எல்லோரும் ஓடி வந்தார்கள். வலியைவிட அவர்களுடைய பார்வை சுட்டது. வாய் முந்திக்கொண்டது.

“தள்ளிட்டாருப்பா!”

“நானா? என் விரல்கூட உங்க மேல படலையேண்ணே!”

பேக்கரிக்காரர் பெருத்த உடம்புக்காரர். யார் நம்புவார்கள்? ஆளாளுக்கு ஏசினார்கள். அவர் பந்தை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆட வரவில்லை.

வலி தீராததால் மனைவி பிசியோதெரபிஸ்ட்டிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். “குதிகால் தூக்காம முட்டியால சுவரைத் தொடுங்க.” வலது முட்டி தொட்டது. இடதில் குதிகால் தானாக எழும்பியது.

“முன்னாடி இந்தக் கணுக்கால் சுளுக்கியிருக்கா?”

“அது ஆச்சு பல வருஷம். ஒரு கட்டு போட்டுட்டு உடனே ஆடப் போயிட்டேன்.”

“அதுலதான் இறுகியிருக்கும் போல. கணுக்கால் மடங்கலைன்னா, குதிச்சு இறங்குற வேகத்தையெல்லாம் அது முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்கிற தசைநாண் தலையில கட்டிடும். விழறதுக்கு முன்னாடியே வலிச்சிருக்கணுமே?”

அவர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ பேக்கரிக்காரர் தள்ளலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நல்லாயிருக்குங்க!”

மறுநாள் பேக்கரிக்குப் போனார். பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டு, கடை காலியான பிறகு வாயைத் திறந்தார்.

“நீங்க தள்ளலை. முட்டி வலியை மறைக்கப் பொய் சொல்லிட்டேன்.”

“நான் தள்ளலைன்னு எனக்குத் தெரியாதாண்ணே?” ரொட்டித் தட்டைத் துடைத்தபடியே சொன்னார் பேக்கரிக்காரர். “எம் பொண்ணு அன்னைக்கு மைதானத்துல இருந்தா. ‘எதுக்குப்பா அந்த மாமாவைத் தள்ளுன’ன்னு கேட்டா. இல்லைன்னேன். நம்புன மாதிரி தெரியலை.”

பூட்டுக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. “ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

வந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் பூட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். “எங்களையும் சேர்த்து ஏச வெச்சிட்டியேப்பா” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலை குனிந்தார்கள். பேக்கரிக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு ஆடப் போனார்.

தினமும் சுவரோரம் நின்று கணுக்காலை வளைத்தும், படி விளிம்பில் குதிகாலை ஏற்றி இறக்கியும் பூட்டுக்காரர் பொறுமையாகப் பயிற்சி செய்தார். வலி குறைந்தது. இப்போது கொஞ்ச நேரம் ஆடுகிறார். முடியாதபோது “முட்டி வலிக்குது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். பேக்கரிக்காரரும் அவரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சிறுமி வந்து “வணக்கம் மாமா” என்றால், அவர் இன்னும் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறார்.