டாயில் கேட்ட ஓட்டு

நெல்டா ஹார்கிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். நான் அந்தப் பேருந்து நிற்கும் ஷெட்டில் மெக்கானிக். அவளுக்குப் பக்கத்து வீடும்கூட. மழை பெய்தால் எங்கள் தெருச் சேற்றில் பேருந்து புதைந்துவிடும். பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கிக் கரை சேர்ப்பாள். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலைகளைக் கவனிக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நான்கு கமிஷனர்கள். எங்கள் தெரு இருந்த டவுன் முழுவதற்கும் ஒருவர், சில நூறு பண்ணைக்காரர்களுக்கு மூவர். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மூவரில் ஒருவன் நெல்டாவின் அண்ணன் டாயில்.

1968-இல், டெக்சாஸின் வேறொரு கவுண்டி வழக்கில், உள்ளாட்சித் தேர்தலிலும் எல்லார் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு வேண்டும் என்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் கமிஷனர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நெல்டா வழக்குப் போட்டாள்.

"கூடப்பொறந்தவன் பொழப்புல மண்ண அள்ளிப் போடுறியேடி!" என்று கோர்ட்டு வாசலில் கத்தினான் டாயில்.

"எங்க தெருவுலதான் நெறைய கெடக்கே, அள்ளிக்கிட்டுப் போயேன்."

அன்றோடு பேச்சு நின்றது. அம்மா வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு இவள் வந்தால் அவன் வரமாட்டான். "ஒரே அண்ணன், அவனும் போயிட்டான்" என்று ஷெட்டில் என் முன்னால் அழுதாள். வழக்கை மட்டும் விடவில்லை.

வென்றாள். தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தார்கள். எங்கள் தெரு டாயிலின் தொகுதிக்குள் போய் விழுந்தது! டவுன் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அவனை எதிர்த்து நின்றார்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் ஓட்டுள்ள வீட்டுப் பாதைகளைச் சமன்செய்து கொடுப்பது பண்ணைப் பக்கத்து வழக்கம். ஓட்டுக் கேட்க டாயிலுக்கு வேறு வழி தெரியாது. சாலை போடும் இயந்திரத்தோடு நேராக நெல்டா வீட்டு வாசலுக்கே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"உன் ஓட்டு வேணும், நெல்டா."

"தங்கச்சியா இருந்தப்ப வரல. ஓட்டா ஆனதும் வந்துட்ட. மெஷின எடுத்துட்டுப் போ."

அவன் முகம் செத்துப்போனது. இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

தேர்தலில் தோற்றான். மறுநாள் காலை அவன் வண்டி எங்கள் தெருவில் வந்து நின்றது. அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து, கையில் கிடைத்த ஸ்பேனரோடு ஓடினேன். நெல்டா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நான் உனக்குப் போடல, டாயில்."

"தெரியும். காபி இருக்கா?"