கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு கார் வாங்கியவர்

எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருப்பவரை எல்லோரும் ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். அதற்கும் ஆமாம் என்று தலையாட்டுவார். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன பேசினாலும் சரி, கண்ணாடியில் அவர் தலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். ஆட்சி சரியில்லை என்பவருக்கும் ஆட்டுவார். அவர் எழுந்து போனதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மாதிரி ஆட்சி உண்டா என்பவருக்கும் ஆட்டுவார். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசினால் கை நடுங்கிக் கிருதா கோணலாகிவிடும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினோம். "பிரேக்கு எங்க இருக்குன்னு தெரியுதுல்ல? அப்புறம் ஏன் ஹாரனை அமுக்குற?" என்று அந்த அக்கா கேட்டால் எதிரே வரும் லாரிகூட ஓரங்கட்டி நிற்கும். ஆமாஞ்சாமிக்கு மட்டும் இன்றுவரை கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலேயே வாத்தியார் இருந்தும், படிக்கத் துணிச்சல் வரவில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கார் ஆசை வந்தது, சலூனுக்கு எதிர்ச் சுவரில் ஏலக் கம்பெனி ஒட்டிய போஸ்டரால். பிஸ்தா பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு, அவர் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி. முடி வெட்டிக்கொண்டே அதைப் பார்த்தார். அந்த வாரம் இரண்டு பேருக்கு மீசை ஒரு பக்கம் குறைந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அக்காவுக்கும் அந்தக் காரைப் பிடித்துப்போனது. "டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் காலு பாதி நேரம் பிரேக்கு மேலயே இருக்கு. எனக்குன்னு ஒரு வண்டி வேணும்" என்றவர், "முதல்ல ஏலம்னா எப்படி நடக்குதுன்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று கணவரை வேறொரு ஏலத்துக்கு அனுப்பினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஏலம் விடுகிறவர் இவரைப் பார்த்து, "நல்ல கனமான சாமான், இல்லையா சார்?" என்றார். இவர் ஆட்டினார். "இந்த விலைக்குக் கிடைக்காது, சரிதானே?" அதற்கும் ஆட்டினார். சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டியில் ஆளுயர இரும்புச் சாமான் ஒன்று வந்து இறங்கியது.

"என்னங்க இது?"

"நங்கூரம்."

"நமக்குக் கப்பல் இருக்கா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"ரொம்ப மரியாதையா கேட்டாரும்மா."

கார் விஷயத்தை அதற்குப் பிறகு அக்காவே கையில் எடுத்துக்கொண்டார். வண்டியைப் பார்வைக்கு வைத்த அன்று டார்ச் லைட்டும், துணி சுற்றிய ஒரு காந்தமும் எடுத்துப் போனார். கதவில் காந்தம் ஒட்டினால் தகடு. வழுக்கி விழுந்தால், ஓட்டையை அடைத்துப் பட்டி பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு கதவில் காந்தம் பிடித்தது. மற்ற இரண்டில் பொத்தென்று விழுந்தது.

"அபூர்வமான வண்டி மேடம்" என்றார் ஏலக் கம்பெனி ஆள்.

"அபூர்வம்னா, மிச்சமெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுன்னு அர்த்தமா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்கு வந்து, இதே மாதிரி வண்டி வாங்கிய நாலைந்து பேரைத் தேடிப்பிடித்துப் போன் போட்டார். "விக்கறவங்க சொல்ற விலை வேற, கைமாறின விலை வேற. நான் கைமாறினதைத்தான் கேட்பேன்" என்றார். அதில் கதவுக்கு, டயருக்கு, அடித் தகட்டுக்கு என்று கழித்துக்கொண்டே வந்தார். ஆமாஞ்சாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"சுத்தியல் விழற விலை நாம குடுக்கற விலை இல்லைங்க. அதுக்கு மேல அவங்க கமிஷன் இருக்கு, வீட்டுக்குக் கொண்டுவர லாரி வாடகை இருக்கு. எல்லாம் போக, நாலு லட்சத்துக்கு மேல ஒத்தைக் காசு கேட்க மாட்டேன்."

"அங்க போய் ஆசை ஜாஸ்தியாயிட்டா?"

"ஆசைக்குத் தனியா பணம் எடுத்து வெக்கல."

ஏலத்தன்று காலையில் மருந்துக் கடையிலிருந்து, கழுத்து வலிக்காரர்கள் கட்டும் பட்டை ஒன்றை வாங்கி வந்து கணவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "நான் கேட்டுக்கறேன். நீங்க சும்மா உட்காருங்க. தலை மட்டும் அசையவே கூடாது." அதற்குத் தலையாட்டப் பார்த்தார், முடியவில்லை. அக்காவுக்குப் பரம திருப்தி. ஒரு அளவு பெரிய பட்டை என்பதை மட்டும் இருவரும் கவனிக்கவில்லை.

ஏலம் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு நம்பர் மட்டை. கணவரைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அக்கா முன்வரிசைக்குப் போனார். இரண்டு லட்சத்தில் தொடங்கி விலை ஏற ஏற மட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் எஞ்சியது இரண்டே பேர்: அக்கா, அவருக்குச் சற்றுப் பின்னால் ஒரு டைல்ஸ் கடைக்காரர். பல வருடமாக ஆமாஞ்சாமியிடம் முடி வெட்டிக்கொள்கிறவர். வீடு கட்டியது, பெண்ணுக்கு வரன் பார்த்தது, எல்லாமே சலூன் நாற்காலியில் சொல்லி, கண்ணாடியில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான். முன்வரிசையில் இருந்த அக்காவின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

அவர் மூன்று தொண்ணூறு என்றார். அக்கா நாலு லட்சம் என்றார். சொல்லிவிட்டு மட்டையை மடியில் கவிழ்த்தார். அவ்வளவுதான், கடை மூடியாயிற்று.

"நாலு பத்து? சார், நாலு பத்து?"

டைல்ஸ் கடைக்காரர் தயங்கினார். அப்போது பின்வரிசையில் ஆமாஞ்சாமி இருப்பதைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. காரை நோக்கித் தாடையை நீட்டி, புருவத்தை உயர்த்தி, 'வாங்கட்டுமா?' என்று கேட்டார்.

ஆமாஞ்சாமி என்ன செய்வார்? கேட்டவர் வாடிக்கையாளர். சொந்தக் கார் கைநழுவுவது தெரிந்தும், தாராளமாக வாங்குங்கள் என்று தலையாட்டத்தான் பார்த்தார். பட்டை தாடையைத் தடுத்தது. இன்னும் அழுத்தினார். தொளதொள பட்டை மேலேறி மூக்கில் மாட்டியது. அதிலிருந்து வெளியே வர, தலையை இடமும் வலமுமாக உதறினார். மருந்து குடிக்க மாட்டேன் என்கிற குழந்தையைப் போல.

டைல்ஸ் கடைக்காரர் நீட்டிய தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார். மட்டையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

சுத்தியல் விழுந்ததும் டைல்ஸ் கடைக்காரர் ஓடிவந்து ஆமாஞ்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க வேணாம்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல. அவ்வளவு மோசமான வண்டியா? நல்ல வேளை காப்பாத்தினீங்க! எந்த ஏமாளி தலையில விழுந்துச்சோ, பாவம்."

"எங்க தலையிலதான்" என்றார் பின்னால் நின்ற அக்கா.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க வாங்கணும்னுதான் என்கிட்ட வேணாம்னு..."

"ஆமா முதலாளி" என்றார் ஆமாஞ்சாமி, பட்டையைக் கழற்றிக்கொண்டே.

கோபித்துக்கொண்டு அவர் வேறு சலூனுக்குப் போனார். ஒரே மாதம்தான். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து, "அங்க ஒருத்தன் எதுக்கெடுத்தாலும் வாதாடறாண்ணே. முடி வெட்டப் போனா வக்கீலைப் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஒருநாள் அந்த வண்டியில ஒரு ரவுண்டு..." என்று இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனார்கள். அக்கா ஓட்டினார், ஆமாஞ்சாமி பக்கத்தில், டைல்ஸ் கடைக்காரர் பின்சீட்டில் ராஜா மாதிரி. கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் இருந்த இருவரும் டீக்கடைக்குள் போய் மூன்று டீ சொன்னார்கள். பின்கதவுகளை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பது இருவருக்கும் மறந்தே போயிற்று.

தற்செயலாக அந்தப் பக்கம் போனவன் நான். மனிதர் உள்ளே நிமிர்ந்து நேராக உட்கார்ந்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லேசாகக் கையசைத்துக்கொண்டிருந்தார். பழைய வண்டி என்றால் யாராவது வந்து கதவைத் திறந்துவிடுவதுதான் முறை என்று நினைத்திருக்கிறார். நான் திறந்தேன். ஒரு காலை வெளியே ஊன்றி, சட்டையை நீவிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைக்குப் புதுசா சேந்திருக்கியாப்பா? அடுத்த தடவை இவ்வளவு நேரம் காக்க வெக்காத."