முளைப்பாரியில் கண்ட மொச்சை

கல்லூரி விடுமுறையில் கொல்லையில் நான் ஊன்றிய மொச்சை இரண்டு முறையும் முளைக்கவில்லை. பொன்னமராவதிச் சந்தையில் வாங்கிய விதை அது. பார்வைக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. "இன்னொரு தடவை பாரு. அதுவும் மொளைக்கலைன்னா அங்கிட்டு வைக்கப்போர் போட்டுருவேன்" என்றார் அப்பா.

நல்ல விதை எவரிடம் இருக்கிறது? கேட்டால், தம் விதையே உயர்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வாரம் மாரியம்மன் திருவிழா. வீட்டின் இருட்டறையில் பயறுகளை முளைக்கவைத்து வளர்த்த முளைப்பாரிச் சட்டிகளைப் பெண்கள் கோயில் வாசலில் இறக்கிவைத்துக் கும்மியடித்தார்கள். ஒவ்வொரு வீட்டு விதையின் தரமும் அங்கே ஒளிவுமறைவின்றித் தெரிவதை அப்போதுதான் உணர்ந்தேன். பல சட்டிகளில் முளைகள் விட்டுவிட்டு நின்றன. மேலத்தெரு அத்தையின் சட்டியில் மட்டும் மொச்சை விரல் நுழையாத நெருக்கத்தில் வளர்ந்திருந்தது.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் விதை கேட்டேன்.

"ஏன்டி, எல்லாரும் சாமியப் பாத்தாங்க. நீ என் சட்டியவா பாத்துக்கிட்டு நின்ன?"

"சாமியையும் பாத்தேன் அத்தை. ஒங்க சட்டியக் கொஞ்சம் கூடுதலாப் பாத்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே, சாம்பலில் புரட்டி வைத்திருந்த மொச்சையை என் முந்தானையில் கொட்டினார். "காய்ச்சதும் வெதையாவே திருப்பிக் குடுத்துரு."

ஊன்றிய குழிகளில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. கொடி வீசத் தொடங்கியதும், வைக்கோல் ஏற்றிவந்த வண்டியை அப்பா தெருப்பக்கம் திருப்பிவிட்டு, கொல்லையில் பந்தல்கால் நடக் குழி தோண்டினார். அன்று முழுவதும் என் முகத்திலிருந்த வெற்றிக்களிப்பை மறைக்க நான் சிறிதும் முயலவில்லை.